பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது



நாங்கள் இசட் புள்ளியோடு மருத்துவபீடம் போனவர்கள். பரிந்துரைக் கடிதம் யாரும் கேட்கவில்லை. லண்டனில் இருக்கும் உங்கள் பிள்ளைகளுக்கு அது கட்டாயம். அங்கே மருத்துவத்துக்கு விண்ணப்ப முடிவு ஒக்டோபர் 15. ஆசிரியரிடம் யூன் மாதமே சொல்லிவைக்கட்டும்.

"ஒழுக்கமான பிள்ளை" என்ற கடிதங்கள் எத்தனையோ வாசித்துவிட்டேன், ஒன்றும் மனதில் நிற்பதில்லை. பிழைத்துப்போன பரிசோதனையை அவள் பள்ளி விட்டபின் நின்று திரும்பச் செய்ததைக் கண்ட ஆசிரியர் எழுதினால் நிற்கும். பெரிய பதவிக்காரரைத் தேடி அலையாதீர்கள். அவருக்குப் பிள்ளையின் பெயரே தெரியாது.

"என்னைப்பற்றி உறுதியாக எழுத முடியுமா, மிஸ்?" என்று நேரே கேட்கட்டும். தயங்கினால் நன்றி சொல்லிவிட்டு வேறொருவரிடம் போகலாம். சம்மதித்தால், செய்தவற்றை ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். முப்பது பிள்ளைகளுக்கு எழுதுபவருக்கு எல்லாம் ஞாபகமிருக்குமா?