கூட்டணி போட்ட வில்லன்கள்

(பரிசளிப்பு விழாவில் ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)



"வாத்தியாரே, ரொம்ப இழுக்காதீங்க" என்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். நான் பேசப் போவது சித்திரக்கதையைப் பற்றி. சிரிக்காதீர்கள்!

போன தவணையில் ஐந்தாம் ஆண்டுக்குக் கணக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது. கடைசி வரிசையில் ஒரு பையன் மேசைக்குள் தலையை விட்டிருந்தான். போய்ப் பார்த்தால் பழைய லயன் காமிக்ஸ்! அட்டை கிழிந்து, நூல் போட்டுத் தைத்த புத்தகம். அவன் தாத்தா அந்தக் காலத்தில் பிரிக்பீல்ட்ஸ் கடையில் வாங்கியதாம். பிடுங்கிக்கொண்டேன். அன்று இரவு நானே அதை இரண்டு தடவை படித்தேன் என்பதை இப்போது சபையில் ஒப்புக்கொள்கிறேன்.

பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். சிவகாசியில் சௌந்திரபாண்டியன் என்பவர் 1972இல் முத்து காமிக்ஸ் தொடங்கினார். முதல் கதை இரும்புக்கை மாயாவி. பிறகு அவர் மகன் விஜயன் 1984இல் லயன் காமிக்ஸ் கொண்டுவந்தார். அதில் வந்தவன்தான் ஸ்பைடர். பள்ளிப் பிள்ளைகள் டிவியில் பார்க்கும் ஸ்பைடர்மேன் இல்லை, இவன் வேறு. இங்கிலாந்தில் 1965இல் பிறந்த பாத்திரம். குற்றவாளிகளுக்கெல்லாம் ராஜாவாக வேண்டும் என்பதே இவன் ஆசை! பெல்ஹாம் என்ற விஞ்ஞானியையும், ஆர்டினி என்ற பூட்டுத் திறக்கும் திருடனையும் கூட்டாளி ஆக்கிக்கொள்கிறான். போகப் போக மற்ற வில்லன்களோடு சண்டை போட்டு, கடைசியில் நல்லவன் பக்கமே வந்துவிடுகிறான். இவன் கதைகளில் பலவற்றை எழுதியவர் ஜெர்ரி சீகல். சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவர்!

வில்லன்கள் சங்கம் அமைக்கும் கதை அதற்கும் முன்பே உண்டு. அமெரிக்காவில் 1940இல் நாயகர்கள் பலர் ஒன்று சேர்ந்து நீதிச் சங்கம் அமைப்பதாகக் கதை வந்தது. 1947இல் ஆறு வில்லன்கள் அதற்குப் போட்டியாக அநீதிச் சங்கம் தொடங்கினார்கள். பெயரை மறைக்காமல் வைத்துக்கொண்டார்களே, அதுவரைக்கும் நேர்மை!

இதைப் பிள்ளைகளிடம் சொன்னேன். "ஆளுக்கொரு கூட்டணி வரையுங்கள், நல்லதோ கெட்டதோ உங்கள் இஷ்டம்" என்றேன். பையன்களில் முக்கால்வாசிப் பேர் வில்லன் கூட்டணிதான் வரைந்தார்கள். ஏன் என்று கேட்டால், "அவங்ககிட்டதான் சார் பெரிய மோட்டார் இருக்கு." சரி, விளையாட்டு என்று இருந்தேன். அப்போது ஒருவன் எழுந்து கேட்டான்: "சார், இந்தக் கூட்டத்துக்கு நம்பர் என்ன போடட்டும்?"

எனக்குக் கை ஓடவில்லை. அம்மாமார்களே, அப்பாமார்களே, அவன் எந்த நம்பரைச் சொல்கிறான் என்று உங்களுக்குத் தெரியும். 2013 ஆகஸ்டில் உள்துறை அமைச்சு 49 குண்டர் கும்பல்களின் பெயரை வெளியிட்டது. 04, 08, 36 என்று சிலவற்றுக்கு எண்ணே பெயர். அப்போது இந்தப் பிள்ளை பிறக்கவே இல்லை. யார் சொல்லிக் கொடுத்தது? நான் கேட்கவில்லை. கேட்டால் அடுத்த முறை வாய் திறக்க மாட்டான்.

அதற்குப் பதிலாக அவன் படத்தைப் பலகையில் ஒட்டினேன். ஐந்து பேர் வரைந்திருந்தான். தலைவன், பணம் வாங்குபவன், அடிப்பவன், மோட்டார் ஓட்டுபவன். ஐந்தாவது ஆள் மற்றவர்களில் பாதி உயரம். "இவன் என்ன செய்வான்?" "போலீஸ் வருதான்னு பார்ப்பான் சார்." "போலீஸ் வந்தா யார் மாட்டுவா?" வகுப்பே அந்தக் குட்டையனைக் காட்டியது. "தலைவன் எங்கே இருப்பான்?" ஒரு பெண்பிள்ளை சொன்னாள்: "ஸ்பைடர் மாதிரி கோட்டையில இருப்பான் சார்." ஸ்காட்லாந்திலிருந்து கல் கல்லாகப் பெயர்த்து வந்து கட்டிய கோட்டை அது. அதை நன்றாக ஞாபகம் வைத்திருந்தாள்.

அவன் ஒன்றும் பேசவில்லை. மறுநாள் பார்த்தால் அந்தக் குட்டையனை ரப்பரால் அழித்திருந்தான். அழித்த இடம் கறுப்பாக இருந்தது. வேறு ஒன்றும் வரையவில்லை. அந்தப் படம் மண்டபத்தின் பின்சுவரில் மற்றப் படங்களோடு இருக்கிறது. யாருடையது என்று கேட்காமல் பாருங்கள்.

சாயந்திரம் நான்கு மணிக்கு மேல் வகுப்பறை ஒன்றைத் திறந்து வைக்கத் தலைமையாசிரியர் சம்மதித்திருக்கிறார். செவ்வாய், வியாழன் இரண்டு நாள். வீட்டில் பழைய ராணி காமிக்ஸ், முத்து, லயன், அம்புலிமாமா எது கிடந்தாலும் பழைய பேப்பர்காரரிடம் போடாமல் கொடுத்தனுப்புங்கள். அண்ணன்மார்களும் வரலாம். ஆறாம் ஆண்டு முடித்துப் போன பையன்களை முக்கியமாக அனுப்பி வையுங்கள்.

பிடுங்கிய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க லயத்துக்குப் போனேன். தாத்தா வாங்கிப் புரட்டிப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். "படிச்சிட்டீங்களா சார்? இதோட அடுத்த புத்தகம் உள்ளே டிரங்குப் பெட்டியில இருக்கு. வேணுமா?" என்றார்.