பேறு முடிந்த பின்னும் பேணுவோம்



1912-ஆம் ஆண்டில் சென்னையில் மருத்துவப் பட்டம் பெற்று, பிற்காலத்தில் அடையாறில் அவ்வை இல்லத்தை வளர்த்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அவர் பெயரால் நம் அரசு வழங்கும் மகப்பேறு நிதியுதவி, தாயின் சத்துணவுக்கும் ஓய்வுக்கும் உரியது, கடன் அடைப்பதற்கன்று.

கருவுற்ற 12 வாரங்களுக்குள் கிராம சுகாதாரச் செவிலியரிடம் பதிவு செய்வோம். கர்ப்ப காலத்தில் 180 நாட்கள் உண்ணும் இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை பிறந்த பின்னும் 180 நாட்கள் உண்ணச் செய்வோம். பேற்றில் இழந்த இரத்தம் மீண்டும் ஊற வேண்டுமன்றோ? பத்தியம் என்று கூறிக் கீரையையும் பருப்பையும் தண்ணீரையும் மறுத்தலாகாது.

மிகுந்த உதிரப்போக்கோ காய்ச்சலோ கண்டால், பெரியோர் வரட்டும் என்று காத்திராமல் 108 வண்டியை அழைப்போம். அந்த வண்டி வீட்டு வாசல்வரை வரப் பாதையைச் செப்பனிட்டு வைப்பது ஊராட்சியின் கடமை. தாய் நலமே ஊர் நலம்.