அறிக்கைக்குப் பின் நாம் செய்யவேண்டுவன



பிள்ளையின் வளர்ச்சி பின்தங்கியுள்ளது என்று மருத்துவர் எழுதியதும் தாயைப் பழிப்பதையும் முன்வினை பேசுவதையும் நிறுத்துவோம். அவ்வறிக்கை தீர்ப்பன்று. ‘இவர்களுக்குப் படிப்பு வராது’ என்று சாதியின் பெயரால் நம் முன்னோரைத் தள்ளினர். அச்சொல்லை நம் பிள்ளைமீது நாமே எறியலாகாது.

செவியையும் கண்ணையும் சோதிக்கக் கேட்போம். கேளாமையை அறிவுக்குறையென மயங்குதல் உண்டு. வீட்டுப் பயிற்சிகளை எழுதி வாங்குவோம். கோவில்பட்டித் தீப்பெட்டி ஆலைகளிலும் கரிசற்காட்டிலும் உழைப்போர்க்கு ஒருநாள் கூலி சிறிதன்று. தாய் செல்லவியலா நாளில் நம் இளைஞர் பிள்ளையை அழைத்துச் செல்லட்டும்.

40 விழுக்காடோ அதற்கு மேலோ குறைபாடுடையதெனச் சான்று பெற்ற 6 முதல் 18 வயதுவரையுள்ள பிள்ளைக்கு, அருகிலுள்ள பள்ளியில் இலவசக் கல்வி 2016ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமை. மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேட்போம்.