புயலைக் கண்டவர்களின் சாட்சியம்

(மைசூரு ஹெப்பாளில் தமிழ்த் தொழிலாளர்களிடையே நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஹெப்பாளுக்குக் கடல் இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 760 மீட்டர் உயரத்தில் உள்ள மைசூருவில் புயல் என்பது பெரும்பாலும் இரண்டு நாள் மழையோடு முடிந்துவிடும். ஆயினும் வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்ற செய்தி வந்தவுடன், இந்தத் தொழிற்பேட்டையில் இரவுப் பணியில் நிற்கும் டெல்டா மாவட்டத் தொழிலாளியின் கை கைப்பேசியைத் தேடுகிறது. ஊரில் இருப்பது ஓட்டு வீடு. வீட்டில் முதிய தாய். கொல்லையில் ஒரு பசு.

புயலைக் கண்டவர்களின் நினைவு தனிமனிதத் துயரம் மட்டுமன்று. அரசின் சேத அறிக்கை கேட்காத கேள்விகளுக்கு அதில் விடை இருக்கிறது.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியைக் கடல் கொண்டது. பாம்பனிலிருந்து சென்ற பயணிகள் ரயில் அலையில் மூழ்கி, அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மனிதர் வாழத் தகுதியற்ற ஊர் என்று அரசு அறிவித்தது. எனினும் மீனவர்கள் அந்த மணல்திட்டுக்கே திரும்பினர். ஆபத்தை அறியாமல் அன்று. பிழைப்பு அங்கே இருந்ததால்.

2018 நவம்பர் 16 அன்று, நள்ளிரவுக்குப் பின், நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கஜா கரையைக் கடந்தது. அவ்விரவைக் கண்டவர்கள் இரண்டு காற்றுகளைப் பற்றிச் சொல்கிறார்கள். முதலில் ஒரு திசைக் காற்று. பிறகு சற்றே அமைதி. முடிந்தது என்று எண்ணியபோது எதிர்த்திசையிலிருந்து மீண்டும் பேரிரைச்சல். புயலின் கண் கடந்து செல்லும் இடத்தில் அப்படித்தான் நேரும். முதற்காற்றில் வேர் தளர்ந்த தென்னை, இரண்டாம் காற்றில் சாய்ந்தது.

எச்சரிக்கை வந்தும் ஏன் எல்லோரும் முகாமுக்குச் செல்லவில்லை? அறியாமை என்பது அதிகாரிகளின் விடை. மக்களின் நினைவு வேறு விடை சொல்கிறது. ஒரே பசுவை வைத்திருப்பவர், அதனைக் கட்டுத்தறியில் விட்டுவிட்டுத் தம் உயிரை மட்டும் காத்துக்கொள்ள இயலாது. படகையும் வலையையும் இழந்த மீனவருக்கு மறுநாள் இல்லை.

புயலுக்குப் பின் வந்தது கணக்கு. வீழ்ந்த தென்னை ஒன்றுக்கு 1,100 ரூபாய் என்றது மாநில அரசு. அதில் 500 ரூபாய் மரத்தை வெட்டி அகற்றும் செலவு. கணக்கு மரத்தின் பெயரால் நடந்தது. மரமோ பட்டாதாரரின் பெயரில் இருந்தது. நட்ட கன்று காய்க்க ஐந்தாறு ஆண்டுகளாகும். அதுவரை மரமேறியவரும், மட்டை உரித்தவரும், கீற்று முடைந்தவரும் எதை உண்பது? அந்தக் கேள்விக்குப் படிவத்தில் இடமில்லை. எனவே அவர்கள் பிழைப்புத் தேடித் திருப்பூருக்கும் பிற தொழில் நகரங்களுக்கும் பேருந்து ஏறினார்கள். புயல் கரையைக் கடந்தது ஓர் இரவில். குடும்பங்கள் கலைந்தது பல ஆண்டுகளில்.

இது விதியா? 1999 அக்டோபர் 29 அன்று ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் மாண்டனர். 2013இல் அதே கரையைப் பைலின் தாக்கியபோது ஏறத்தாழப் பத்து லட்சம் பேர் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். இறந்தோர் எண்ணிக்கை நூறைக்கூட எட்டவில்லை. இடைப்பட்ட காலத்தில் கட்டப்பட்ட புயல் காப்பகங்களும், பயிற்சி பெற்ற கிராமத் தொண்டர்களும் செய்த வேலை அது.

கியூபாவில் 1963இல் ஃபுளோரா சூறாவளி ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பலிகொண்டது. அதன்பின் வலுப்பெற்ற குடிமைப் பாதுகாப்பு அமைப்பு, மக்களோடு அவர்களது வீட்டுப் பொருட்களையும் கால்நடைகளையும் சேர்த்தே காக்கத் திட்டமிடுகிறது. நம் கிராமத்துப் பசுவைப் பற்றிய கேள்விக்கு அங்கே விடை உண்டு.

காற்றின் வேகத்தைக் குறைக்க எவராலும் முடியாது. எவர் வீடு முதலில் விழும் என்பதையோ, எவர் பெயர் நிவாரணப் பட்டியலில் விடுபடும் என்பதையோ காற்று தீர்மானிப்பதில்லை. கான்கிரீட் வீடு, கால்நடைகளுக்கும் இடமுள்ள காப்பகம், குத்தகையாளருக்கும் கூலித் தொழிலாளிக்கும் வேலையிழப்புக்கான இழப்பீடு: இம்மூன்றும் கரையோர மக்களின் நினைவிலிருந்தே எழும் கோரிக்கைகள்.

ஊருக்குச் செல்லும் ஒவ்வொரு தோழரும் மூத்தோரிடம் கேட்டு, அவர்கள் கண்ட புயலை ஆண்டோடும் இழப்போடும் எழுதி வாங்கி வரட்டும். எழுதப்படாத இழப்புக்கு எந்த அரசும் இழப்பீடு கொடுத்ததில்லை.