நிலவறையில் எழுந்தருளிய பெருமான்



தைப்பூசத் திருநாளில் காவிரியில் நீராடி, மகாலிங்கப் பெருமானைப் பணிந்து இத்திருவிடைமருதூரில் கூடியிருக்கின்றீர்கள். பழைய ஊர்களில் எல்லாம் ஒரு பேச்சு உண்டு. "கோயிலிலிருந்து அரண்மனைக்குச் சுரங்கம் போகிறது" என்று பெரியவர் சொல்ல, சிறுவர் வியந்து கேட்பர். சுரங்கக் கதை ஒருபுறம் இருக்கட்டும். நம் காலடி மண்ணுக்குள் மெய்யாகவே இருப்பது யாது என்று சற்றே சிந்திப்போம்.

1311-இல் மாலிக் காபூரின் படை தென்னாடு புகுந்தது. அத்தகைய கலக்கக் காலங்களில் நம் முன்னோர் செப்புத் திருமேனிகளை நிலவறைகளிலும் குழிகளிலும் மறைத்துக் காத்தனர். இடம் அறிந்தவர் சிலரே. அவர் மறைந்தபோது அவ்வறிவும் உடன் மறைந்தது.

2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் திருக்கோயிலில், குடமுழுக்கு யாகசாலைக்காக மேலைக் கோபுரத்தருகே மண் தோண்டினர். 20-க்கும் மேற்பட்ட திருமேனிகளும், தேவாரப் பதிகங்கள் பொறித்த 400-க்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிப்பட்டன. சம்பந்தப் பெருமான் அவதரித்த மண்ணே அவர் தமிழைக் காத்துத் தந்தது!

இதற்கு மாறானதும் உண்டு. திருவாரூர்ப் பகுதியிலுள்ள பத்தூரில் 1976-இல் மண் தோண்டிய ஒருவர் கண்ட நடராசப் பெருமான், கைமாறிக் கைமாறி லண்டன் மாநகரம் சென்று சேர்ந்தார். பாழடைந்து கிடந்த விசுவநாதர் கோயிலுக்கே அவர் உரியவர் என்று 1988-இல் அந்நாட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1991-இல் பெருமான் தாயகம் திரும்பினார். பூசை நின்று போன கோயிலுக்கும் உரிமை நிற்கும் என்பதை அயல்நாட்டார் ஒப்பினர். நாம் மறக்கலாமா?

வரகுண பாண்டியன் அறியாமற் செய்த கொலைப் பழி, இத்தலத்துக் கீழை வாயிலில் அவனை விட்டு நின்றது. அவன் மேலை வாயிலால் வெளியேறி உய்ந்தான். அறியாமற் செய்தவனுக்கு ஒரு வாயில் திறந்தது. அறிந்தே இறைவனை விலை கூறுபவனுக்கு எவ்வாயில் திறக்கும்?

ஆதலின் அன்பர்களே! வயலிலோ மனையிலோ திருமேனி ஒன்று வெளிப்பட்டால், மறைக்காதீர்கள்; விற்காதீர்கள். உடனே அரசு அலுவலரிடம் அறிவியுங்கள். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டமும் அதையே கட்டளையிடுகிறது. உயிருக்கு அஞ்சிய காலத்தும் முன்னோர் பெருமானைக் காத்தனர். அச்சமற்ற காலத்தில் வாழும் நாம் ஆசைக்கு அவனைப் பலியிடலாகாது. மண்ணறையில் அவனைக் காத்த அவ்வன்பு நம் மனவறையில் நிலைக்குமாக!

திருச்சிற்றம்பலம்.