தள்ளுபடி ஆச்சு, கடன் போகலே!

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே! எங்கள் அணித் தலைவர் அவர்களே! 'கடன் அட்டை குடும்பத்துக்குத் துணையே' என்று முழங்கிவிட்டு இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிற எதிரணிச் சகோதரி அவர்களே! பெரியோர்களே, தாய்மார்களே, வீட்டில் டி.வி. முன்னால் வெங்காயம் உரித்தபடி எங்களைக் கேட்டுக்கொண்டிருக்கும் அன்பு உள்ளங்களே!

சகோதரி நன்றாகப் பேசினார்கள். நள்ளிரவில் நெஞ்சுவலி, ஆஸ்பத்திரியில் முன்பணம் கேட்கிறார்கள், அட்டைதான் காப்பாற்றியது என்றார்கள். மறுக்கவில்லை. ஆனால் அம்மா, அட்டையைத் தேய்த்த அந்த ஒரு ராத்திரியைத்தான் சொன்னீர்கள். அதற்குப் பிறகு வருகிற வருஷங்களைச் சொல்லவில்லையே! அதைச் சொல்லத்தான் நான் வந்திருக்கிறேன்.

என்னிடம் எம்.ஏ. தமிழ் படித்த மாணவன் ஒருவன். இன்று பள்ளி ஆசிரியர். 2024-ல் ஒருநாள் போன் பண்ணினான். "ஐயா, வீட்டுக் கடன் கேட்டு பேங்க்குக்குப் போனேன். சிபில் ரிப்போர்ட்டில் 'ரைட்டன் ஆஃப்'னு இருக்காம். அப்படின்னா என்னங்கய்யா?" என்றான். நான் தமிழ்ப் பேராசிரியர் இல்லையா, யோசிக்காமல் மொழிபெயர்த்தேன். "தள்ளுபடிப்பா! நல்லதுதானே, சந்தோஷமா இரு!" என்றேன். (சிரிப்பு)

பக்கத்தில் என் வீட்டு அம்மா. முப்பது வருஷம் பேங்க்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். போனைப் பிடுங்கி, "தம்பி, உங்க வாத்தியார் பேச்சைக் கேக்காதீங்க. அது தள்ளுபடி இல்லே" என்றார்கள். டாக்டர் பட்டம் வாங்கிய எனக்கு அன்றைக்கு வீட்டிலேயே வகுப்பு நடந்தது! (கைதட்டல்)

யோசித்துப் பாருங்கள். இந்தத் 'தள்ளுபடி' என்ற சொல்லை நாம் எத்தனை இடத்தில் வைத்திருக்கிறோம்! ஆடித் தள்ளுபடி என்றால் விலை குறைகிறது. மனு தள்ளுபடி என்றால் கோர்ட்டில் தோற்றுவிட்டோம். 2021-ல் தமிழக அரசு கூட்டுறவு வங்கிகளில் இருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. அது உண்மையான தள்ளுபடி. விவசாயி கட்ட வேண்டாம், சுமையை அரசு ஏற்றுக்கொண்டது. அட்டைக் கடனில் வருகிறதே, அது இந்த மூன்றும் இல்லை.

என் மனைவி சொன்ன விளக்கத்தையே சொல்கிறேன். மளிகைக்கடை அண்ணாச்சி கணக்கு நோட்டில் நம் பெயர் இருக்கிறது. மாதக்கணக்கில் பாக்கி வரவில்லை. வராத பணத்தை வரும் வரும் என்று எத்தனை நாள் எழுதிக்கொண்டிருப்பார்? அந்த நோட்டில் அடித்துவிட்டு, பின்பக்கம் வாராக்கடன் என்று தனியாக எழுதிக்கொள்கிறார். அவர் கணக்கு நேராகிவிட்டது. நம் பாக்கி? அப்படியே இருக்கிறது! தெருவில் பார்த்தால் கேட்பார். 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி போட்ட சுற்றறிக்கையும் இதைத்தான் சொல்கிறது. கணக்குக்காக எழுதித் தள்ளினாலும், கடன் வாங்கியவரிடம் கேட்கும் உரிமையை வங்கி விட்டுக்கொடுத்ததாக ஆகாது.

இந்தப் பையன் கதைக்கு வருகிறேன். 2017-ல், வேலைக்குப் போன புதிதில், வணிக வளாகத்தில் ஒருவர் கூப்பிட்டு அட்டை கொடுத்திருக்கிறார். கல்யாணத்துக்கு முன்னாடி! பதினெட்டாயிரம் ரூபாய் பாக்கி. வேலை மாறினான், வீடு மாறினான், போன் நம்பரும் மாறியது. குறைந்தபட்சத் தொகையைக்கூட 90 நாள் கட்டாவிட்டால் அட்டைக் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். மாதம் மூன்றரை சதவீதம் வட்டி போடுகிற அட்டைகள் உண்டு. கூட்டுவட்டியைச் சேர்க்காமலே வருஷத்துக்கு 42! அதோடு தாமதக் கட்டணம். 2019-ல் வங்கி எழுதித் தள்ளியபோது தொகை நாற்பத்தாறாயிரம். அறிக்கையில் அசல் தனியாக, மொத்தம் தனியாக இரண்டும் நிற்கிறது. பக்கத்தில் 36 மாதத்துக்குக் கட்டம் போட்டு, எந்த மாதம் எத்தனை நாள் தாமதம் என்று எழுதியிருக்கிறது. நம் ஜாதகத்தில்கூட இவ்வளவு கட்டம் கிடையாது! (சிரிப்பு)

இதில் எனக்கு வலித்தது எது தெரியுமா? மேனேஜர் அந்தத் தாளைத் திருப்பிக் காட்டியபோது பக்கத்து நாற்காலியில் அவன் மனைவி இருந்தாள். அப்படி ஓர் அட்டை இருந்ததே அவளுக்குத் தெரியாது. ஏழு வருஷக் குடித்தனத்தில் தெரியாத ஒரு விஷயத்தை ஒரு மேஜைக்கு எதிரே உட்கார்ந்து தெரிந்துகொண்டாள். வழியெல்லாம் பேசவே இல்லையாம்.

அடுத்த வாரம் வசூல் ஏஜென்ட் கூப்பிட்டார். "இருபதாயிரம் கட்டுங்க சார், செட்டில் பண்ணிடலாம்." பையனுக்கு ஆசை. மறுபடி என் மனைவிதான் தடுத்தார்கள். "பாதியைக் கட்டினா 'செட்டில்டு'ன்னு விழும். பேச்சுவார்த்தையில குறைச்சுக் கட்டினவர்னு அர்த்தம். அடுத்த பேங்க் அதைப் பார்க்கும். முழுசாக் கட்டினாத்தான் முடிஞ்ச கணக்கு. எதுவானாலும் எழுத்தில வாங்கிட்டுப் பணத்தைக் கட்டுங்க" என்றார்கள்.

நடுவர் அவர்களே, முழுசாகக் கட்டலாம் என்று முடிவு செய்தவள் அந்தப் பெண். "அரைகுறையா ஒண்ணு நம்ம பேருல இருக்க வேணாம்" என்று சொல்லி, இரண்டு வளையலை அடகு வைத்தாள். கோபம் தீர்ந்ததா என்று நான் கேட்கவில்லை.

பணம் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதமும் வாங்கியாயிற்று. அறிக்கை மாறியதா? இல்லை! வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் முழு அறிக்கையை இலவசமாகத் தரவேண்டும். நாட்டில் அப்படி நான்கு இருக்கின்றன. எடுத்துப் பார்த்தால் பழைய பாக்கி அப்படியே நிற்கிறது. புகார் கொடுத்தான். 30 நாளுக்குள் சரிசெய்யவேண்டும், தாண்டினால் நாளைக்கு 100 ரூபாய் ஈடு தரவேண்டும் என்று 2024 ஏப்ரல் முதல் விதி இருக்கிறது. இருபத்தாறாம் நாள் பாக்கி பூஜ்யம் ஆனது. ஆனால் பழைய தாமத மாதங்கள் அழியவில்லை. பணம் கட்டினால் கணக்கு முடியும், சரித்திரம் முடியாது. அந்தத் தகவலைக் குறைந்தது 7 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நிறுவனங்களுக்கு விதி!

சகோதரி கேட்கலாம், "இது அட்டையின் குற்றமா, ஆளின் குற்றமா?" என்று. ஆளின் குற்றம்தான் அம்மா, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தண்டனை அவன் ஒருவனுக்கா வந்தது? அவர்கள் பார்த்துவைத்த வீடு, கிணறும் ஒரு முருங்கை மரமும் இருந்த வீடு, வேறொருவருக்குப் போய்விட்டது. இன்றைக்கும் அந்தக் குடும்பம் வாடகை வீட்டில்தான் இருக்கிறது. வளையல் இன்னும் திரும்பவில்லை...

(நடுவர் மணி அடிக்கிறார்)

மணி அடித்துவிட்டார்கள். வீட்டிலும் இப்படித்தான், நான் பேச ஆரம்பித்தால் அடிப்பார்கள், மணியைச் சொன்னேன்! (சிரிப்பு)