எதிர்பாராமல் வந்த பிள்ளை, வேண்டாத பிள்ளை அல்ல

(நம் சமூகக் கூடத்தில் நடந்த மகளிர் தினக் கூட்டத்தில், குடியிருப்பில் வசிக்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆலோசகர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



இருபது வருடம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆலோசனை சொன்னவள் நான். இன்று சொல்லப்போவது என் வீட்டுக் கதை. என் மகனிடம் கேட்டு, அவன் சரி என்ற பிறகே சொல்கிறேன்.

அவன் எங்கள் இரண்டாவது பிள்ளை. மகளுக்கு 11 வயதானபோது எதிர்பாராமல் வந்தவன். தெரிந்த அன்று நான் அழுதேன். மகளிடம் எப்படிச் சொல்வது, வேலை செய்யும் இடத்தில் எப்படிச் சொல்வது என்று ஒரே கூச்சம். "இந்த வயசுலயா?" என்று சிரித்தவர்களும் உண்டு. நானும் கணவரும் பல நாள் பேசி, பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தோம்.

பிறந்த பிறகு பால் கொடுப்பேன், குளிப்பாட்டுவேன், கொஞ்சத் தோன்றாது. அது மனச்சோர்வு என்று எனக்கே தெரியவில்லை.

இரண்டாம் வகுப்பில் அவன் ஒரே அடம், அடிதடி. வாரம் ஒரு புகார் வரும். ஒருநாள் கேட்டான்: "அம்மா, நான் தெரியாம வந்துட்டேனா?" கல்யாண வீட்டில் உறவினர் ஒருவர் விளையாட்டாகச் சொன்னதை மனதிலேயே வைத்திருந்திருக்கிறான்.

"நீ வரப்போறது எங்களுக்கு முன்னாடி தெரியாது. தெரிஞ்சப்புறம் நீ வேணும்னு நாங்கதான் முடிவு பண்ணோம்" என்றேன். அடம் அன்றே நின்றுவிடவில்லை. தினமும் அரை மணி நேரம் அவனோடு மட்டும் உட்கார்ந்தேன். தணிய ஒரு வருடம் ஆயிற்று.

இதைப் பற்றி பிராக் நகரில் புகழ்பெற்ற ஆய்வு ஒன்று நடந்தது. கருக்கலைப்புக்கு விண்ணப்பித்து இரண்டு முறை மறுக்கப்பட்ட தாய்மார்களுக்கு 1961 முதல் 1963 வரை பிறந்த 220 பிள்ளைகளை, அதே போன்ற குடும்பங்களின் 220 பிள்ளைகளோடு ஒப்பிட்டார்கள். ஒன்பது வயதில் அறிவுத்திறனில் வேறுபாடு இல்லை. ஆனால் முதல் குழுவினருக்குத் தாய்ப்பால் கிடைத்த காலம் குறைவு. வகுப்புத் தோழர்கள் அவர்களை அதிகம் ஒதுக்கினார்கள். வளர வளர வேறுபாடு கூடியது. ஆனாலும் அவர்களில் பலர் நன்றாகவே வளர்ந்தார்கள்.

கவனியுங்கள், அவர்கள் வெறுமனே எதிர்பாராமல் பிறந்தவர்கள் அல்ல. தாய் வேண்டாம் என்று இரண்டு முறை சொல்லியும் கேட்கப்படாமல் பிறந்தவர்கள். எனக்கு முடிவெடுக்க இடம் இருந்தது. அந்தத் தாய்மார்களுக்கு இல்லை.

ஆகவே உங்களிடம் நான்கு வேண்டுகோள்.

ஒன்று, லிஃப்டிலோ பார்க்கிலோ வயிற்றைப் பார்த்துக் கேலி வேண்டாம். எந்தப் பிள்ளையின் காதிலும் "தெரியாம வந்தவன்" என்ற சொல் விழவே வேண்டாம்.

இரண்டு, முடிவு அந்தப் பெண்ணுடையது. 2021 சட்டத் திருத்தத்தின்படி, கருத்தடை தவறிக் கரு உண்டானால், திருமணமானவர் ஆகாதவர் என்ற பேதமின்றி, 20 வாரம் வரை ஒரு பதிவுபெற்ற மருத்துவரின் கருத்தின் பேரில் கலைக்கலாம். 18 வயது நிறைந்த பெண்ணின் சம்மதம் போதும். கணவர் கையெழுத்தைச் சட்டம் கேட்கவில்லை.

மூன்று, பெற்றுக்கொள்வது என்று முடிவெடுத்தவளைத் தனியாக விடாதீர்கள். ஒரு வேளைச் சாப்பாடு கொடுத்தனுப்புங்கள். ஒரு மணி நேரம் குழந்தையை வாங்கிக்கொண்டு அவளைத் தூங்க விடுங்கள். பிரசவமாகி இரண்டு வாரத்துக்குப் பிறகும் சோர்வும் அழுகையும் நீடித்தால் மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள். 14416 என்ற அரசின் இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலும் பேசலாம்.

நான்கு, முரண்டு பிடிக்கும் பிள்ளையைப் பார்த்ததும் "வளர்ப்பு சரியில்லை" என்று சொல்லிவிடாதீர்கள். அந்தத் தாய்க்குத் துணையாக யார் இருந்தார்கள் என்று முதலில் கேளுங்கள். எனக்கு அப்போது யாராவது கேட்டிருந்தால் அந்த ஏழு வருடம் எங்கள் இருவருக்குமே வேறு மாதிரி இருந்திருக்கும்.